வடிகால் ஆணையர்

தீயணைப்பு வண்டிகள் இரண்டையும்
மழையில் நிறுத்திவிட்டு
அவை நின்ற இடத்தில் மேசை போட்டிருக்கிறோம்.
தரையில் எண்ணெய்க் கறை.
மிஷிகன். நவம்பர். செவ்வாய்க்கிழமை காலை ஏழு.

யாருக்கு என்று நாங்கள் கேட்கக் கூடாது.
கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள்.
ஒருத்தி, தன் நாயின் பெயரை மறக்காதவருக்கு.
பண்ணைக்கார ஆல்டன், அப்பா போட்ட கட்சிக்கு:
"சாகும்வரை மாறமாட்டேன், செத்தபிறகு பார்க்கலாம்."
நீதிபதிகளில், வாயில் நுழைகிற பெயருக்கு ஒரு பையன்.
விவாதங்களை ஒன்றுவிடாமல் பார்த்த ஆசிரியைதான்
வட்டத்துக்கு மேலே பேனாவைத் தூக்கியபடி
பத்து நிமிடம் நின்றாள்.

இரண்டு மணிக்கு இயந்திரத்தின் சின்னத் திரையில் 388.
பதிவேட்டில் 1,904.
மிச்சப் பேர் எங்கே என்றாள் நோரீன்.
டயர் ஆலையில், இரண்டாம் ஷிஃப்ட்டில்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில்.
என் ஒன்று விழுந்தா
குடி முழுகப்போகிறது என்று சோபாவில்.

ஐந்தரைக்கு வந்தார் லவெல் டீக்.
கூரை வேலை. முழங்காலெல்லாம் தார்.
வாசலைத் தாண்டாமலே கேட்டார்:
"உள்ளே இருந்தவன் போடலாமா?"

எந்த உள்ளே என்று நோரீன் கேட்கவில்லை.
"வெளியே வந்து எத்தனை வருடம்?"
"பதினொன்று."
"வந்த அன்றைக்கே போட்டிருக்கலாமே."

அவர் மழையைப் பார்த்தார்.
"யாரும் சொல்லவில்லை."

ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தபோதே
பட்டியலில் ஏறிவிட்டது பெயர்:
டீக், லவெல் ஜே.
மூன்று தேர்தலாய் அதன்மேல் அளவுகோலை வைத்து
அடுத்த வரிக்கு நகர்ந்திருக்கிறோம்,
நோரீனும் நானும்.

மறைப்புக்குள் போனவர் கொஞ்ச நேரத்தில் எட்டிப்பார்த்தார்.
"மேலே இருப்பவர்களை எனக்குத் தெரியாது.
அவர்களுக்கும் என்னைத் தெரியாது.
காலியாய் விட்டால் செல்லாதா?"
விட்டது விட்டபடி. போட்டது செல்லும்.

"அப்படியானால் வடிகால் ஆணையர் மட்டும்.
ஏப்ரலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர்.
அந்த ஆள் தானே பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினான்."

சொல்லக்கூடாது ஐயா, என்றேன்.
சொல்லியாகிவிட்டது.

தாளை இயந்திரம் விழுங்கியது. 612.
ஒட்டுவில்லையைச் சட்டையில் குத்தாமல்
தொப்பியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டார்.
"அடுத்தது எப்போது?"
"மே மாதம். பள்ளிக்கூட வரி. யாரும் வரமாட்டார்கள்."
தார் படிந்த உள்ளங்கையில்
மே என்று எழுத இடம் தேடினார்.

எட்டுக்குக் கதவைச் சாத்தி
நீளச் சீட்டை இழுத்துப் படித்தோம்.
எங்கள் சாவடியில் வடிகால் ஆணையருக்கு
நாற்பது குறைவு.

வண்டிகளை உள்ளே எடுத்தார்கள்.
மழை விடவில்லை.