அரைப்பேர்

தலவாக்கலையில் மழை. தோட்டத்து ஆபீசில்
ஜோடி டிஸ்க்கில் ஒன்று செத்துவிட்டது.
"மேலே இருக்கிறதுதான், பிடுங்கு" என்றார் கிளாக்கர் ஐயா.
பிடுங்கவில்லை.
மிச்சமிருந்த ஒன்றை முதலில் வெளியே பிரதியெடுத்தேன்:
நானூறு பேரின் சேமலாப நிதி,
பச்சைமுத்து காய்ச்சலோடு எடுத்த அரைப்பேர்,
எல்லாம் ஒற்றைக் காலில் நின்றன.

திரை காட்டிய சீரியல் நம்பரை
டார்ச் அடித்து லேபிளோடு ஒத்துப் பார்த்தேன்.
செத்தது கீழே.

கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்த புதியதைச் செருகிவிட்டு
யூபிஎஸ் பக்கத்தில் பிளேன்டீயோடு உட்கார்ந்தேன்.
நாற்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
பீப். பீப்.
பாட்டரி தாங்கியது.

பெரட்டுக்குச் சங்கு ஊதும்போது நூறு.
ஜன்னலுக்கு வெளியே ஈரப் படங்குகள் நடந்தன;
அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.
கழற்றியதன் மேல் மார்க்கரால் எழுதினேன்:
செத்தது,
திருப்பிச் செருகாதே.