ஒரு வளைவுக்கான ரப்பர்

நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஐம்பது, பதினைந்து.
இந்த அளவு திருவாரூரில் கிடைக்காது.
கிடைத்தாலும், என்கிறார் மரியசூசை,
வாங்க இந்த ஜில்லாவில் நீங்கள் ஒருவர்தான்.

ஜாக்கியில் நிற்கிறது என் கார்.
கடுகு மஞ்சள், இரண்டே இருக்கை,
காரைக்கால் பல் மருத்துவர் ஒருவர் விற்றது.
அடிவயிறெங்கும் வேகத்தடைகளின் கீறல்.

கழற்றிய டயரை உள்ளங்கையால் தடவுகிறார்.
இடது முன் டயர், வெளித்தோள் மட்டும்
மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது.
"தெனமும் ஒரே ஒரு வளைவ
ரொம்ப ஆசையா எடுக்குறீங்க போல.
வலது வளைவு."
எனக்குக் காது சூடானது.
ரப்பர் இவ்வளவு பேசுமா?

சோழசூடாமணி ஆற்றங்கரை, அதிகாலை ஐந்தேகால்.
வலங்கைமானிலிருந்து மற்ற தூரமெல்லாம்
வேலைக்குப் போவது.
அந்த வளைவு மட்டும்தான்
போவது.

ஆறு மணிக்கு டயாலிசிஸ் பிரிவு.
மூன்றாம் கட்டிலில் தியாகேசன்
கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்திருப்பார்.

மூன்று டயர் சொன்னார் மரியசூசை.
ஒன்று மென்மை. தாரைப் பல்லி போல் பிடிக்கும்,
பதினைந்தாயிரம் கிலோமீட்டரில் கரையும்.
இன்னொன்று அறுபதாயிரம் உழைக்கும்,
மழையென்றால் கைவிட்டுவிடும்.
நடுவில் ஒன்று: குறுக்கே நாலு பெருவாய்க்கால்,
தோள்வரை ஓடும் கிளைவாய்க்கால்கள்.
"தண்ணிய வெளிய தள்ளிரும், பாருங்க."
பார்க்க வேண்டியதில்லை.
திருத்துறைப்பூண்டிப் பக்கம் பிறந்தவள்,
பாய்ச்சலைவிட வடிகால் பெரிதென்று
வயிற்றால் தெரியும் எனக்கு.

எவ்வளவு வேகம் என்று அவர் கேட்கவில்லை.
"ரோட்டுல என்னென்ன கெடக்கும், அதச் சொல்லுங்க."

தையில் பாதிச் சாலைக்கு நெல்.
சக்கரத்தடியில் பால்ரஸ் போல உருளும்.
அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடங்களில்
சங்கிலி அச்சோடு களி, அப்பளம் அப்பளமாய்.
பங்குனியில் உளுந்துச் செடி விரித்திருப்பார்கள்,
போகிற வண்டியெல்லாம் மிதித்துக் கொடுக்கட்டுமென்று.
என் கார் மிதிக்காது, அள்ளிக்கொள்ளும்.
ஒருதரம் கியர் பெட்டியடியில் புகையே வந்தது.
அப்புறம் வாத்துகள். முன்னூறு. ஹாரன் தெரியாதவை.
சாவு ஊர்வலம் போன மறுநாள்
ஈரச் சாமந்தி.
எல்லாவற்றிலும் அதுதான் வழுக்கல்.

முன்னால் மென்மை, பின்னால் உழைப்பு,
இரண்டு இரண்டாய்ப் போட்டால்?
"ஒரு வண்டிக்கு ரெண்டு புத்தி ஆகாதும்மா."

மென்மையானதை நகத்தால் அழுத்தினேன்.
குழிந்து, மெல்லத் திரும்பி வந்தது.
இன்னொரு முறை அழுத்தினேன்.
பிறகு நடுவிலுள்ளதைச் சொன்னேன்,
யாருடைய குரலிலோ.

சென்னையிலிருந்து பஸ் பார்சலில், மூன்றாம் நாள்,
பின்சீட்டுப் பயணிகளின் காலடியில் வந்தன நான்கும்.
"மொத நூறு கிலோமீட்டர் பொறுமை.
அச்செண்ணெய் போகணும்."

நாலாம் நாள். ஐந்தேகால். ஆற்றங்கரை.
வளைவில் எனக்கு முன்னால்
அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி,
நெல்வெட்டும் பற்கள் சாலையை விட அகலமாக.
இரண்டாம் கியர். பதினெட்டு.
பிடிப்பு முழுவதையும் தனக்குள்ளே வைத்துக்கொண்டு
புது ரப்பர் சும்மா உருண்டது.
ஸ்டியரிங்கில் மட்டும் ஏதோ வித்தியாசம்,
தார் ஒரு விரற்கடை
மேலே வந்துவிட்டதைப் போல.

"ஆறு நாலு," என்றார் தியாகேசன்.
அவர் கையில் நரம்பைத் தேடியபடி சொன்னேன்,
டயர் மாத்திருக்கேன்.
பழைய லாரிக்காரர். கண்ணைத் திறந்தார்.
"புடிப்பு எப்படி?"

இன்னும் தெரியல.
நாளன்னிக்கு வருவீங்கல்ல,
சொல்றேன்.