வரி

கானாடுகாத்தானில் நாள் வாடகைக்குப் பிடித்த வீட்டில்
கலெக்டர் துரையாக வந்திறங்கினார்
டெஸ்மண்ட் பிரையர், மெல்போர்ன்.
மூன்றாவது தேக்குத் தூணுக்குப் பின்னால்
தாளோடு குத்துக்காலிட்டு இருப்பவள் நான்.
நான் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார்.
சம்பளம் நாளைக்கு எண்ணூறு, டிபன் தனி.

“வரியைக் கட்டு. இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு.”
அவர் வாயில் வரி வாரியானது.
எட்டு டேக். எட்டிலும் வாரி.
டப்பிங்கில் பார்த்துக்கலாம் என்றார் டைரக்டர்.
துரை விடவில்லை,
ஒன்பதாவது கேட்டார்.

ஜெனரேட்டர் நின்றுபோன முக்கால் மணி நேரம்
வளவு நடுவில், வெயில் சதுரத்துக்கு இந்தப் பக்கம்,
தொப்பியால் விசிறிக்கொண்டே
யார் யாராக இருந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.
டிவி ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் டாக்டர்,
பிறகு அங்கேயே, மீசை ஒட்டி, நோயாளி.
குழந்தைகள் நிகழ்ச்சியில் வாம்பட்
(பெருச்சாளிக்குப் பெரியப்பா மாதிரி ஒன்றாம்).
மேடையில் மூன்று முறை ராஜா,
ஒரு முறை ராஜாவின் குதிரை.
குதிரையைத்தான் பேப்பரில் புகழ்ந்தார்களாம்.
ஒரு குளிர்காலம் முழுக்க வேலையில்லாமல்
தபால் பிரித்திருக்கிறார்.
அதுவும் வேஷமா என்றேன்.
யோசித்தார்.
“யூனிஃபார்ம் கொடுத்தார்கள்.”

விசா முடிகிறதென்று
சாயங்காலமே துரையைக் கொன்றுவிட்டோம்.
இருபத்திரண்டாவது சாவு, கணக்கு வைத்திருக்கிறார்.
எந்தப் பக்கம் விழுவது என்று மட்டும் கேட்டார்.
ஆத்தங்குடிக் கல்லில் கன்னம் பதிய விழுந்தவர்
கட் சொல்லியும் எழவில்லை.
ஓடிப்போய்க் குனிந்தோம்.
சில்லென்று இருக்கிறது,
இன்னும் ஐந்து நிமிஷம்
என்றது பிணம்.

தொடர் வந்தபோது அது அவர் குரல் இல்லை.
கோடம்பாக்கத்தில் யாரோ
பிசகில்லாமல் பேசியிருந்தார்கள்.

போன மாசம் வீடியோ அனுப்பினார்.
பல்லாரட்டில் சின்ன அரங்கு, நூறு நாற்காலி இருக்கும்.
பச்சை அங்கி, கையில் கோல், மந்திரவாதி.
யாருக்கும் புரியாத பாஷையில் சபிக்கவும்
என்று மட்டும் நாடகத்தில் போட்டிருக்கிறதாம்.
கோலை உயர்த்தி அடிவயிற்றிலிருந்து
ஆஸ்திரேலியாவையே வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்.
முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

வாரி இல்லை, வரி
என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், பழக்கதோஷம்.
திருமயம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பி,
எந்த வரி என்றார்,
வீட்டு வரியா, தண்ணி வரியா?