எட்டு ஆறாகத் தெரிந்த இரவு

முதல் கோலுக்கு ரைமோ
நடுவரின் பரம்பரையையே இழுத்தார்.
இரண்டாவதற்குக் கோல்கீப்பரை.
மூன்றாவதற்குப் பயிற்சியாளரை, அவர் கழுத்து மஃப்ளரை,
அந்த மஃப்ளரை விற்ற கடையை.
நான்காவது விழுந்தபோது
கடுகு வழியும் சாசேஜைக் கடித்துக்கொண்டே
"உப்பு கம்மி" என்றார்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே கல்லியோரந்தா ஊரின் நான்காயிரம் பேர்
கைகளைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டிருந்தோம்.
குளிருக்காக என்று
பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

வந்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.
அவர்கள் பக்கைத் துரத்தியதாகவே தெரியவில்லை.
அது அவர்களைத் தேடிப் போனது,
பால் வைக்கும் வீட்டுக்குத் திரும்பும் பூனை மாதிரி.
எங்கள் ஆட்களோ
சாவியைத் தொலைத்தவர்கள்;
பனித்தரையின் மூலை மூலையாகக்
குனிந்து குனிந்து
தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து. ஆறு.

ஆறோடு கோல்கீப்பரை மாற்றினார்கள்.
வில்யமி, பத்தொன்பது வயது.
முகக்கூண்டை மாட்டும்போது வார் சிக்கிக்கொண்டு
அதற்கே அரை நிமிடம் போயிற்று.
ஏழாவதை அவன் பார்க்கவே இல்லை.

மூன்றாம் பகுதி தொடங்கியபோது
சிவப்பு பிளாஸ்டிக் இருக்கைகள்
அங்கங்கே தெரிய ஆரம்பித்தன,
வாரி மறைத்த வழுக்கை
காற்றில் கலைவதைப் போல.
எனக்கு இடப்பக்கம் தெர்ஹி,
நான்காம் எண் பேருந்தின் ஓட்டுநர்,
ஸ்வெட்டர் பின்னுவதை நிறுத்தவில்லை.
"கடைசி நிறுத்தம் வரைக்கும் ஓட்டித்தானே ஆகணும்,
ஆளே இல்லேன்னாலும்."

எட்டாவது விழுந்தது.
அப்போதுதான் பலகையில் ஒரு விளக்குக் குச்சி
அணைந்துபோய்
எட்டு ஆறாகத் தெரிந்தது.
மேல்வரிசையில் யாரோ எழுந்து கத்தினார்:
"அப்படியே விட்டுடுங்கப்பா, ரெண்டு மிச்சம்!"
அன்றைய முதல் கைதட்டல்
அந்த மின்கோளாறுக்கு.

பிறகு நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை.
நடுக்கோட்டிலிருந்து யாரோ ஒப்புக்குத் தட்டிவிட்ட பக்
நடைப்பயிற்சிக்குப் போகும் வேகத்தில்
வில்யமியிடம் வந்தது.
அவன் அதை நிறுத்தினான்.
அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது.
விசில். கால்தட்டல். அவன் பெயரை இழுத்து இழுத்து.
நானும் எழுந்தேன்.
ஆமாம், நானும்தான்.

அவன் முகக்கூண்டைத் தூக்கி
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.
பிறகு மட்டையை மார்போடு அணைத்து,
நாடகம் முடிந்து திரைக்கு முன்னால் வந்து நிற்பவன் போல,
இடுப்பு மடியக் குனிந்து வணங்கினான்.
இடதுபக்கம் ஒன்று. வலதுபக்கம் ஒன்று.
எங்கள் வரிசையைப் பார்த்துக்
கொஞ்சம் கூடுதலாகவே.

சிரித்தோம். எதைப் பார்த்து என்று தெரியாமல்.

அடுத்த நிமிடமே அவர்களில் மூவர்
தனியாக அவன் முன்னால் வந்தார்கள்.
பக் இடமிருந்து வலம், வலமிருந்து இடம்;
வில்யமி படுத்த வாக்கில் பறந்து
கையுறையின் நுனியில் அதைப் பறித்தான்.

அரங்கத்துக்குச் சட்டென்று கை வரவில்லை.
கேலிக்கும் மெய்க்கும்
அதே இரண்டு கைகள்தானே.
சற்று முன்புதான் ஒன்றில் செலவழித்திருந்தோம்.
முதலில் கேட்டது
தெர்ஹியின் பின்னல் ஊசிகள்:
ஒன்றோடொன்று தட்டும் சின்ன உலோகச் சத்தம்.

ஒன்பதாவதும் விழுந்தது, வைத்துக்கொள்ளுங்கள்.
ஒன்பதில் அதே குச்சி இல்லாமல் போனால் ஐந்து.
தோற்கத் தோற்கப்
பலகை எங்கள் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது.
ஐந்துக்குப் பூஜ்யம் என்று படம் எடுத்து
ரைமோ தன் மைத்துனனுக்கு அனுப்பினார்.

வாகன நிறுத்தத்தில் அவர் வண்டி கிளம்பவில்லை.
முனகியது, இருமியது, படுத்துவிட்டது.
நீலத் துண்டு போட்ட நான்கு பேர்,
அவர்கள் ஊர்க்காரர்கள்,
கேட்காமலே வந்து பின்னால் கை வைத்தார்கள்.
நானும் தெர்ஹியும் பக்கவாட்டில்.
பனி நொறுங்க நொறுங்கத் தள்ளினோம்.
எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ரைமோ கண்ணாடியை இறக்கினார்.
நன்றி சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தோம்.
"அந்த நடுவர்," என்றார்,
"உங்க ஊர் ஆள்தானே?"