இரண்டு தட்டினால் நில்

பெனடிக்ட் கட்டாருக்குப் போன மறுகிழமை
நுவரெலியாவில் ஒரு கெமரா வாங்கினேன்.
பெருவிரல் அளவு. வயர் இல்லை.
நம்பர் பிளேட்டுக்கு மேலே இரண்டு ஆணி,
ரிவர்ஸ் லைட்டிலிருந்து கரண்ட்.
திரை தனியாக வாங்கக் காசு காணாது.
மகளின் டெப் இருந்தது.
பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வருசம்
சீட்டுக் காசில் எடுத்தது.
மூலையில் வெடிப்பு, முதுகில்
'தி. கபிஷனா, தரம் 6' என்ற ஸ்டிக்கர்.
அவள் இப்போது பத்து.
பழைய டியூபில் பட்டி வெட்டி
டேஷ்போர்டில் இறுக்கிக் கட்டினேன்.

விடிய நாலரைக்கு லீக்ஸ் ஏற்றப் போகையில்
அது என் கண்.
பின்னேரம் ஆறுக்கு மேல்
அவளுடைய அட்சரகணிதம்.

பெனடிக்ட் என்றால் லொறியின் தகரத்தில் தட்டுவான்.
ஒரு தட்டு, வரலாம்.
இரண்டு தட்டு, நில்.
மூன்றாவது கிடையாது,
அதற்குள் கானுக்குள் இருப்போம்.

டெப் தட்டாது.
பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போடும்.
அந்தக் கோடுகளுக்கு எங்கள் ரோட்டைத் தெரியாது,
பச்சைக்குள்ளேயே பள்ளம் இருக்கும்.
படம் அரை நொடி பிந்தித்தான் வரும்:
நாய் போன பிறகும் நாய் நிற்கும்,
நாய் வந்த பிறகும் வெறும் ரோடு.
ஒருநாள் முழு இருட்டு. இறங்கிப் பார்த்தால்
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓர் அட்டை,
உள்ளே இரத்தம் இருக்குமென்று நம்பி.

போன வியாழன், கந்தப்பளை தாண்டி
ஸ்டோருக்குத் திரும்பும் முடக்கு.
எதிரே பால் பவுசர்.
ஒருவர் பின்வாங்காமல் இருவருக்கும் வழியில்லை.
நான் ரிவர்ஸ் போட்டேன்,
மரியாதைக்கு அவரும் போட்டார்.
திரை ஒருமுறை அணைந்து வந்தது.

எனக்குப் பின்னால் இருக்கவேண்டியது
தண்ணீர்த் தாங்கியும் கோவா மூட்டைகளும்.
திரையிலோ ஒரு சிவப்பு வாளி,
பக்கம் சரிந்த மதகு,
அதன் விளிம்பில் குந்தியிருந்து
பூட்ஸ் கழுவும் ஒரு பெண்.
மழைச்சட்டைத் தொப்பி காதுவரை.
மஞ்சள் கோட்டில் அவள் முதுகு.

பிரேக்கை மிதித்தேன். லொறி நின்றது.
படம் நிற்கவில்லை.
அவள் பெரிதாகிக்கொண்டே வந்தாள்.

ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல்
கதவைத் திறந்து கத்தினேன்,
எந்த மொழியில் என்று நினைவில்லை.
பவுசர் நின்றது. வாளி உருண்டது.
அவள் எழுந்து வந்து
எங்கள் இருவரையும் பாரபட்சமில்லாமல் ஏசினாள்.

டிரைவர் விஜேபண்டார தன் போனை நீட்டினார்.
அதே கடை, அதே பெட்டி,
கெமராவுக்கு அதே பெயர்,
ஒன்றிலிருந்து எட்டு வரை அதே பாஸ்வேர்ட்.
அவருடைய திரையில் ஒரு வட்டம்
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
வழமையான இடம்தானே என்று வந்திருக்கிறார்.
காப்பாற்றினேன் என்று அவர் கையைப் பிடித்தார்.
அவர் கண்ணை எடுத்து வைத்திருந்தது
நான்தான் என்று சொல்ல
என் சிங்களம் போதவில்லை.
தமிழும் போதியிருக்காது.

இரவு கபிஷனா மாற்றித் தந்தாள்.
"எட்டு எழுத்து சொல்லுங்கப்பா,
ஒருத்தருக்கும் தெரியாததா."
சொன்னேன். ஒன்றும் கேட்காமல் அடித்தாள்.
பிறகு அதே திரையில்
எக்ஸின் பெறுமதியைத் தேடப் போனாள்.

நேற்று அதே முடக்கு, அதே பவுசர், நல்ல மழை.
என் திரையில் என் கோவா மூட்டைகள் மட்டும்.
அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று
இனி எனக்குத் தெரியாது.

ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கினேன்.
பவுசரின் பின்னே போய், மதகைப் பார்த்து,
தகரத்தில் ஒரு தட்டு.
எண்ட... எண்ட...
அடுத்த தட்டுக்குக் கை
ஓங்கியபடியே.