வகை

பிறப்புப் பதிவில் என் பெயர் வகை.
அப்பா சொன்னது வாகை.
மல்லாவியில், தறப்பாள் கொட்டிலில் இருந்த பதிவுகாரர்
ஓர் அரவைப் போடாமல் விட்டுவிட்டார்.
மை முடியப்போகிற பேனையாம், அம்மா சொல்லுவா.
இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்களில்
அந்த அரவுக்குக் கால் என்று பெயர்.
கால் போன பெயர்.
எங்கள் பக்கத்தில் அது புதினமில்லை.

வாகை என்றால் வெற்றி என்று படிப்பித்தார்கள்,
வென்றவன் சூடுகிற பூ.
நான் பிறந்த கார்த்திகையில்
ஒட்டுசுட்டான் சனம் வீடு பார்க்கத் திரும்பிக்கொண்டிருந்தது.
அந்த மாதத்தைத்தான் அப்பா
என் தலையில் சூட்டினார் என்று
எல்லாரும் நம்பினார்கள், நானும்.

ஒன்பதரை வயதில் முட்கம்பிக்குள் வரிசை.
"என்ன கருத்து இந்தப் பெயருக்கு?"
மேசைக்காரர் கேட்க, மொழிபெயர்த்த பெடியன்
பதிவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"ஒன்றுமில்லை சேர். ரகம். அரிசிக்குச் சொல்வதுபோல."
மேசைக்காரர் சிரித்தார். முத்திரை விழுந்தது.
நசுங்கிய என் விரல்களை அம்மா
இரவுதான் விட்டா.

வகைதொகையில்லாமல் செத்தார்கள் என்று
பிறகு ஆரோ வானொலியில் சொன்னபோது
என்னைக் கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது மாங்குளத்துக்குக் கிழக்கே
முழங்காலில் நின்று நிலம் சுரண்டுகிறேன்,
முகத்துக்கு முன்னால் கண்ணாடி, இருபுறமும் சிவப்புத் தடி.
ஒன்று அகப்பட்டால் படிவம் நிரப்ப வேண்டும்.
இடம். ஆழம்.
மூன்றாம் கட்டத்தின் தலைப்பு நான்.
"உன்னை விசாரிக்கினம்" என்பாள் சுகிர்தமலர், ஒவ்வொரு முறையும்.
பச்சை, வட்டம், உள்ளங்கையளவு. எழுதுகிறேன்.

போன கிழமை பெயர் திருத்த
அம்மாவோடு பிரதேச செயலகம் போனேன்.
பெயர் வந்த காரணம் கேட்டார் எழுதுவினைஞர்.
வெற்றி என்று சொல்ல நான் வாயெடுக்க
அம்மா முந்திவிட்டா.
"லாண்ட்மாஸ்ரர் சேத்துக்குள்ள தாண்டுபோச்சு தம்பி.
ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு மைல். மழை.
இவள் பொறுக்கேல்லை.
அந்த மனுசன் என்ன செய்யிறதெண்டு தெரியாமல்
டோச்சை மேல அடிச்சு
என்ன மரமெண்டு பாத்தவர்.
அவ்வளவுதான்."

எழுதுவினைஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்ப, திருத்திறதோ, விடுறதோ?"

சத்தியக் கடதாசி என் பையில் கிடக்கிறது,
கையெழுத்தில்லாமல்.

பங்குனி. எங்கள் பாதை முடியும் இடத்தில் ஒரு வாகை,
இலையெல்லாம் கொட்டி, வெளிறிய நெற்றுகளோடு.
காற்று வந்தால் அவை கலகலக்கும்,
கருவியின் கீச்சொலி காதில் விழாது.
மேற்பார்வையாளர் கை உயர்த்துவார்.
மரம் ஓயும்வரை
ஒருவரும்
ஓரடி எடுத்து வைப்பதில்லை.