கழுகுக்கான துளைகள்

மார்ச் மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
பனி உருகிச் சேறாகிவிட்ட முற்றத்தில்
ஏணியைச் சாய்த்துவிட்டு
பதினேழாம் எண் படிவத்தைத் திறக்கிறாள் ஹல்ஷ்கா.

கட்டடத்தின் பெயர்: மாவட்ட மக்கள் மன்றம்.
முந்தைய பெயர் என்ற இடத்தில்
ஒரே ஒரு கோடு விட்டிருக்கிறார்கள் வார்சாவில்.
தாளைத் திருப்பிப் பின்புறம் எழுதுகிறாள்:
சீமானின் மாளிகை.
ஜாரின் வரி அலுவலகம்.
குடியரசின் நீதிமன்றம்.
ஜெர்மானியர் என்னவாக வைத்திருந்தார்கள் என்பதை
எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு,
லாயம் என்று மட்டும் எழுதுகிறாள்.

அடுத்த கேள்வி தூண்களைப் பற்றியது.
முற்போக்கா, பிற்போக்கா?
ஒன்றில் மட்டும் குறியிடவும்.

ஆறு தூண்கள்.
ஆறும் இடுப்பருகே லேசாகப் பருத்து
மூச்சை இழுத்துப் பிடித்தவை போல நிற்கின்றன,
புகைப்படக்காரர் இன்னும் கறுப்புத் துணிக்குள்ளிருந்து
வெளியே வராதது போல.

இதைக் கட்டிய சீமானுக்கு
ரோமாபுரி என்றால் உயிர்.
செனட் என்று சொல்லும்போதெல்லாம்
முதுகு ஒரு விரல்கடை நிமிருமாம்.
சமத்துவம் பற்றி மாலை முழுக்கப் பேசுவாராம்
இந்த நிழலில்;
சதுப்பிலிருந்து நாணல் சுமந்து வந்தவர்களுக்கு
வழி பின்பக்கம்.

வார்சாவிலிருந்து வந்த தோழர் ப்ரோகோப்
கையுறையைக் கழற்றாமலே தீர்ப்புச் சொல்கிறார்:
"நேற்று வரை எஜமானனின் தூண்.
இன்று மக்களின் தூண்.
தூண் அதேதான், தோழரே,
நிழலில் நிற்பவர்தான் மாறியிருக்கிறார்."
சொன்னவர் நிழலில்தான் நிற்கிறார்.

அவர் கார் போன பிறகு
சுத்தியலின் பின்புறத்தால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள்.
டொக்.
டொக்.
பளிங்கு இப்படிப் பேசாது.
நான்காவதில் காரை தானாகவே உரிந்து விழுகிறது:
உள்ளே ஒரு பைன் மரம்,
பட்டை கூட முழுதாய்ச் சீவப்படாமல்;
அதைச் சுற்றி நாணல்;
நாணலைச் சுற்றிக் கயிறு;
சுண்ணாம்பில் பிசைந்த வைக்கோல் துரும்பு.

தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்பார்கள்.
இங்கே தூணுக்குள்ளேயே துரும்பு.
எந்த அரசனும் எந்தக் கட்சியும்
இதை உதைத்துப் பார்க்கவில்லை.

கயிற்று முடிச்சுக்குப் பக்கத்தில்
ஈரச் சுண்ணாம்பில் யாரோ அழுத்திய கட்டைவிரல்.
நூற்று ஐம்பது வருடமாய்க் காய்ந்த ரேகை.
சிற்பி பெயர்: என்ற கட்டத்தில்
கைநாட்டு
என்று எழுதி மையை ஊதி உலர்த்துகிறாள்.

பிறகு ஏணியில் ஏறி
முக்கோண முகப்பின் துளைகளை எண்ணுகிறாள்.
பதினொன்று.
இரண்டு தலைக் கழுகுக்கு நான்கு,
அது கனம் அதிகம்.
கிரீடம் வைத்த வெள்ளைக் கழுகுக்கு மூன்று.
கறுப்புக் கழுகுக்கு அவசரமாய்த் துளைத்த நான்கு,
விளிம்பெல்லாம் சிதைந்து.
பழைய மூன்றில்தான் மீண்டும் உட்கார்ந்திருக்கிறது
காவலாளி கெர்வாசி
ஐந்து வருடம் உருளைக்கிழங்குக் குவியலுக்கடியில்
ஒளித்துக் காத்த கற்கழுகு;
தலை மட்டும் வழுக்கை.
கிரீடத்தைச் செதுக்கி எடுத்தவர்
காது வரை செதுக்கிவிட்டார்.

"கிரீடம் எங்கே?" என்கிறாள்.
கெர்வாசி குடிலுக்குள் கூட்டிப்போய்
பீப்பாயின் மூடியைத் திறக்கிறார்.
உப்பில் ஊறும் முட்டைக்கோஸ்;
அதன் மேல் பலகை;
பலகை மேல், வெயிட்டாக, ஐந்து முனைக் கல்.
"நல்ல கனம். அசையாது" என்கிறார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நாற்பது வருடம் கழித்து
புதிய டை கட்டிய நகரத் தலைவர்,
புகைப்படக்காரர், பாதிரியார்,
எல்லோரும் கெர்வாசியின் மருமகள் லுட்விகாவின் வாசலில்.
கழுகுக்குக் கிரீடம் திரும்ப வேண்டும்,
சட்டம் வந்துவிட்டது, ஞாயிறன்று விழா.

கையை முன்றானைத் துணியில் துடைத்துக்கொண்டு
லுட்விகா சொல்கிறாள்:
"போன செவ்வாய்தான் போட்டேன்.
இன்னும் புளிக்கவில்லை.
மூன்று வாரம் கழித்து வாருங்கள்."